மணமுறிவு, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினருக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

கணவன் மனைவிக்குள் இனிச் சேர்ந்து வாழ முடியாது என்ற நிலை வந்தால், நம் இரு மாவட்டங்களிலும் முதலில் கூடுவது இரு வீட்டுப் பெரியவர்களும் ஊர்ப் பஞ்சாயத்தும்தான். பேசிப் பார்ப்பதில் தவறே இல்லை. பல குடும்பங்கள் அந்தப் பேச்சிலேயே மீண்டும் சேர்ந்திருக்கின்றன. சிக்கல் தொடங்குவது, பேச்சு முறிந்த பிறகு ஒரு முத்திரைத்தாளை வாங்கி, "இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை, நகை, பணம், சொத்து எதிலும் பாத்தியதை கிடையாது, இருவரும் சம்மதித்தே பிரிகிறோம்" என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, "அத்துவிட்டாச்சு" என்று கலைந்துவிடும்போதுதான். அந்தத் தாளில் கையெழுத்திடுவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவற்றை, முதன்முறையாக இந்த நிலைக்கு வந்து நிற்பவருக்குப் புரியும் வகையில் வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

பஞ்சாயத்துத் தாள் என்ன செய்யும், என்ன செய்யாது

இந்துத் திருமணச் சட்டம், 1955-இன்படி நடந்த திருமணம் நீதிமன்றத் தீர்ப்பாணையால்தான் முறியும். நோட்டரி முத்திரை வைத்திருந்தாலும், ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், வெறும் ஒப்பந்தத் தாள் திருமணத்தை முறிக்காது. சாதி வழக்கப்படியான மணமுறிவைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு, இடையறாது, எல்லோரும் அறிந்த முறையில் இருந்து வருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதைச் செய்து முடிப்பது மிகக் கடினம். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொள்பவர், முதல் துணை உயிரோடிருக்கும்போதே இரண்டாம் திருமணம் செய்த குற்றத்துக்கு உள்ளாவார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவின்படி அதற்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இரண்டாவதாக வந்த பெண்ணுக்கோ சட்டப்படி மனைவி என்ற நிலையே கிடைக்காது.

இதைவிடக் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. இருவரும் பரஸ்பரச் சம்மதத்தோடு தனித்து வாழ்ந்தால் மனைவிக்கு மாதாந்திர ஜீவனாம்சம் கிடையாது என்று ஜீவனாம்சச் சட்டப் பிரிவே சொல்கிறது. ஆகவே, அடித்துத் துரத்தப்பட்ட ஒரு பெண் "சம்மதித்தே பிரிகிறோம்" என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டால், பிறகு ஜீவனாம்சம் கேட்கும்போது அந்த வரியையே எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் நீட்டும். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எந்தச் சூழலில், யாருடைய நெருக்குதலில் அது எழுதப்பட்டது என்பதை நீதிமன்றத்தில் சொல்லலாம். குழந்தைக்கான பராமரிப்புத் தொகையைத் தாய் எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதற்காகக் குழந்தையின் உரிமை போய்விடாது. இன்னும் கையெழுத்திடாதவர்கள், தாளை வாங்கிக்கொண்டு "வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி எழுந்து வாருங்கள்.

நான்கு கேள்விகள், நான்கு வெவ்வேறு மனுக்கள்

புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் "விவாகரத்து கேஸ்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அதனால், விவாகரத்து கிடைத்த பிறகுதான் பணம் கேட்க முடியும், அதுவரை குழந்தையைப் பற்றிப் பேச முடியாது என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். திருமணத்தை முறிப்பது, மாதச் செலவுக்குப் பணம் பெறுவது, குழந்தை யாரிடம் இருப்பது என்பது, வீட்டில் பாதுகாப்பாக இருப்பதும் நகைகளைத் திரும்பப் பெறுவதும் ஆகிய இவை தனித்தனி உரிமைகள். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை. விவாகரத்தே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கூட மற்ற மூன்றையும் கேட்கலாம்.

நீதிமன்ற வளாகத்தில் காதில் விழும் சுருக்கப் பெயர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்துத் திருமணச் சட்டப்படியான மனுவை எச்.எம்.ஓ.பி. என்பார்கள். ஜீவனாம்ச மனு எம்.சி., குழந்தையின் காப்பாளர் தொடர்பான மனு ஜி.டபிள்யூ.ஓ.பி., குடும்ப வன்முறைச் சட்ட மனு டி.வி. கேஸ், வழக்கு நடக்கும்போது இடைக்காலமாகக் கேட்பது ஐ.ஏ., தீர்ப்பை நிறைவேற்றக் கேட்பது இ.பி. எனப்படும். தாக்கலான வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைக்கும். அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தாள்களைத் திரட்டுங்கள்

சண்டை முற்றி வீட்டை விட்டு வரும்போது பெரும்பாலான பெண்கள் குழந்தையையும் ஒரு துணிப்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அப்படித்தான் வர வேண்டும். தாள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவகாசம் இருந்தால், ஆதார், குடும்ப அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளி ரசீதுகள், வங்கிக் கணக்குப் புத்தகம், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றின் அசலையோ கைபேசியில் எடுத்த படத்தையோ கையோடு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணப் பதிவு கட்டாயம் என்றாலும், பதிவு செய்யாததாலேயே திருமணம் செல்லாமல் போய்விடாது. அழைப்பிதழ், தாலி கட்டும் படம், மண்டப ரசீது, கணவன் மனைவி என்று பெயர் உள்ள குடும்ப அட்டை ஆகியவை சான்றாக உதவும்.

நகைப் பட்டியலுக்கு ஒரு முழு மாலைப் பொழுதை ஒதுக்கினாலும் தகும். அம்மாவையும் மாமாவையும் உடன் உட்கார வைத்து, ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதுங்கள்: எந்த நகை, எத்தனை பவுன், யார் போட்டது, எந்தக் கடையில் வாங்கியது, ரசீது உண்டா, திருமணப் படத்தில் தெரிகிறதா, இப்போது யாரிடம் இருக்கிறது. அந்தக் கடைசிக் கேள்வியில்தான் உண்மை வெளிவரும். ஆரம் கூட்டுறவுச் சங்கத்தில் கணவர் பெயரில் அடகில் இருக்கும். வளையலை விற்று ஆழ்துளைக் கிணறு போட்டிருப்பார்கள். தோடு மாமியாரிடம் இருக்கும். அடகுச் சீட்டின் எண்ணோ தேதியோ தெரிந்தால் அதையும் குறித்துவையுங்கள். பெண்ணுக்குப் பிறந்த வீட்டாரும் புகுந்த வீட்டாரும் உறவினரும் கொடுத்தவை சீதனம்; அது அவருக்கே முழு உரிமையானது என்றும், கணவர் வீட்டாரிடம் அது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளே என்றும் பிரதிபா ராணி வழக்கில் 1985-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "நூறு பவுன் போட்டோம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட, படத்தோடும் ரசீதோடும் காட்டப்படும் முப்பது பவுனுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம்.

வழக்கறிஞர் கட்டணம் இல்லை என்றால்

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட அளவில் நீதிமன்றங்களோடு இணைந்து வட்ட சட்டப்பணிகள் குழுக்கள் இயங்குகின்றன. ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் நிலையை எழுதிக் கொடுத்தால் போதும், வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அடி, மிரட்டல் என்றால் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், மாவட்ட சமூக நல அலுவலகத்தின் கீழ் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் நாடுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருக்கு மனு ஏற்புச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பின்னாளில் அந்தச் சிறிய சீட்டு முக்கியமான சான்றாகிவிடும்.

எந்த ஊரில் வழக்கு

நம் பகுதிக்கே உரிய கேள்வி இது. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ திருமணம் நடந்திருக்கும். குடித்தனம் பெங்களூரில் கட்டட வேலையைச் சுற்றியோ ஓசூரில் தொழிற்சாலையைச் சுற்றியோ இருந்திருக்கும். பிரிவு வந்ததும் பெண் தாய் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். திருமணம் நடந்த இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஒன்றில் விவாகரத்து மனு தாக்கல் செய்யலாம். மனைவி மனுதாரராக இருந்தால், அவர் இப்போது வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. ஜீவனாம்ச மனுவையும் மனைவி தான் வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே போடலாம். உங்கள் வட்டத்து மனு குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகுமா, சார்பு நீதிமன்றத்துக்குப் போகுமா என்பதைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கணவர் முந்திக்கொண்டு பெங்களூரில் வழக்குப் போட்டுவிட்டால், அதைத் தமிழ்நாட்டுக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டிய இடம் உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றச் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். கைக்குழந்தையோடு அலைய முடியாத நிலை, வருமானமின்மை ஆகியவற்றை இம்மனுக்களில் நீதிமன்றங்கள் அக்கறையோடு பார்க்கின்றன. எப்படியிருந்தாலும், எந்த ஊர் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தாலும் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பினால் உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைத் தீர்ப்பாகிவிடும். அப்படி ஆகிவிட்டாலும் 30 நாட்களுக்குள் அதை நீக்கக் கோரி மனுப் போட வழி உண்டு.

ஜீவனாம்சம்: தாமதிக்கக் கூடாத மனு

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று நாம் பழகியிருந்த ஜீவனாம்சப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாகியிருக்கிறது. உள்ளடக்கம் ஏறக்குறைய அதுவே. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத மனைவி, மறுமணம் செய்துகொள்ளாத விவாகரத்தான மனைவி, வயது நிரம்பாத குழந்தைகள், வயதான பெற்றோர் ஆகியோர் இதில் கேட்கலாம். இது எல்லா மதத்தினருக்கும் பொது. விவாகரத்தான இஸ்லாமியப் பெண்ணுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்ததிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது நீள்வதுண்டு. ஆயினும் இடைக்காலக் கோரிக்கையைத் தள்ளிப்போடாமல் மனுவோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

இம்மனுவை ஏன் தாமதிக்கக் கூடாது என்றால், 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி, மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்கப்பட வேண்டும். பஞ்சாயத்துப் பேச்சில் கழியும் மாதங்களுக்குப் பணம் வராது என்பதே இதன் பொருள். அதே தீர்ப்பு இன்னொன்றையும் கட்டாயமாக்கியது. இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பத்திரம்தான்.

ஓசூர்த் தொழிற்சாலையில் நிரந்தர வேலை என்றால் சம்பளச் சீட்டும் வருங்கால வைப்புநிதிக் கணக்கும் பேசும். சம்பளச் சான்றை நிறுவனத்திடமிருந்து வரவழைக்கும்படியும் நீதிமன்றத்தைக் கேட்கலாம். நம் பகுதியில் பலருக்கு அப்படிப்பட்ட சம்பளம் கிடையாது. "கூலி வேலை, மாதம் பத்தாயிரம்கூடத் தேறாது" என்று பத்திரத்தில் எழுதிவிடுவார்கள். அந்நிலையில் மனைவிக்கு வீட்டைப் பற்றித் தெரிந்ததே சான்றாகும். இரண்டு ஏக்கர் மல்பரித் தோட்டம் இருந்தால் பட்டுக்கூடு அங்காடியில் விற்ற ரசீதும் அந்தப் பணம் ஏறிய வங்கிக் கணக்கும், மாந்தோப்பு என்றால் குத்தகை ஒப்பந்தம், மாடு வைத்திருந்தால் பால் சங்கத்து அட்டை, வண்டி ஓட்டினால் அதன் பதிவுச் சான்று, நிலம் இருந்தால் பட்டா, சிட்டா ஆகியவற்றைக் கேளுங்கள். பட்டா, சிட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே எடுத்துவிடலாம். உடல் வலுவுள்ள கணவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று 2022-ஆம் ஆண்டில் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

மனைவியின் பத்திரமும் அதே அளவு உண்மையாக இருக்க வேண்டும். தையல் நிறுவனத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே "வருமானம் ஏதுமில்லை" என்று எழுதினால், அது வெளிப்படும் நாளில் நியாயமான மற்றக் கோரிக்கைகளும் நம்பிக்கை இழக்கும். சிறு வருமானம் இருப்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது; கணவரின் வாழ்க்கைத் தரத்துக்கு ஏற்ப அது போதுமானதா என்பதே கேள்வி. "சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு" என்று எல்லோரும் சொல்லும் கணக்கு 2017-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பிலிருந்து பரவியது. அது எல்லா வழக்குக்குமான விதி இல்லை, ஓர் அளவுகோல் மட்டுமே.

வேறு சில வாய்ப்புகளும் உண்டு. விவாகரத்து வழக்கு நடக்கும்போது இந்துத் திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி வழக்குச் செலவையும் மாதச் செலவையும் கேட்கலாம். வருமானமில்லாத கணவரும் இதைக் கேட்க முடியும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன் கீழ் பணமும், புகுந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும், பாதுகாப்பு ஆணையும் ஒரே மனுவில் கிடைக்கும். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், அங்கே குடித்தனம் நடத்திய மருமகளுக்குக் குடியிருக்கும் உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெவ்வேறு சட்டங்களில் தொகை பெற்றால் ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் மறைக்காமல் சொல்ல வேண்டும், நீதிமன்றம் கழித்துக்கொள்ளும். "சேர்ந்து வாழ வா" என்று கணவர் போட்ட வழக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும், மனைவி போகாததற்குத் தக்க காரணம் இருந்தால் ஜீவனாம்சம் பறிபோகாது என்பதையும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கட்டவில்லை என்றால், ஒவ்வொரு மாதத் தொகையும் கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நிறைவேற்று மனுப் போட வேண்டும். ஒரு மாத நிலுவைக்கு ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்ததால் பாக்கி தீர்ந்துவிடாது. பணம் கொடுக்கும் கணவர்களுக்கும் ஒரு சொல்: பள்ளி வாசலில் குழந்தையின் கையில் கொடுத்த பணத்துக்குக் கணக்கு இருக்காது. வங்கிக் கணக்கிலோ யு.பி.ஐ. வழியாகவோ, எந்த மாதத்துக்கு என்று குறிப்பிட்டு அனுப்புங்கள்.

சொத்தில் பாதி கிடைக்குமா

கிடைக்காது. விவாகரத்தானால் கணவன் சொத்தில் மனைவிக்குப் பாதி என்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. இருவர் பெயரிலும் வாங்கிய மனை என்றால் அவரவர் பங்கு உண்டு. சீதனம் முழுவதும் மனைவிக்கு. மற்றபடி நிரந்தர ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது கணவரின் சொத்து மதிப்பு கணக்கில் எடுக்கப்படும். அந்தத் தொகைக்குக் கணவரின் நிலத்தின் மீது பொறுப்பு ஏற்படுத்தவும், அதாவது நிலத்தை அதற்கு ஈடாக நிறுத்தவும், இந்துத் திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இடமளிக்கிறது. பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பால் வரும் உரிமை, மகளானாலும் மகனானாலும், பெற்றோர் பிரிந்ததால் குறைவதில்லை. ஊரில் பலர் இதை மறந்துவிட்டு, குழந்தையின் பங்கையும் சேர்த்து "ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

குழந்தை யாரிடம்

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வழக்கில் வெல்வது யார் என்ற எண்ணத்தைக் கைவிடும்படி இரு தரப்பையும் வேண்டிக்கொள்கிறேன். குழந்தையின் நலனே முதன்மையானது என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-ஆவது பிரிவும், எல்லா மதத்தினருக்கும் பொருந்தும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் சொல்கின்றன. அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். ஐந்து வயது முடிந்ததும் தானாகவே தந்தையிடம் போய்விடும் என்று ஊரில் சொல்லப்படுவது தவறு. அதன் பிறகும் நலன்தான் அளவுகோல்.

நீதிபதி பார்ப்பவை இவை: இதுவரை குழந்தையை வளர்த்தவர் யார், பள்ளி எங்கே, அண்ணன் தங்கை பிரிக்கப்படுகிறார்களா, வீட்டில் வன்முறையோ குடியோ உண்டா, வேலைக்குப் போகும் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள். விவரம் தெரிந்த குழந்தையைத் தனியறையில் அழைத்தும் கேட்பார். வருமானம் அதிகம் என்பதால் மட்டும் ஒருவரிடம் குழந்தை போய்விடாது. குறைவான வருமானத்தை ஈடுகட்டத்தான் மற்றவர் பராமரிப்புத் தொகை கட்டுகிறார். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் காப்பாளர் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அவசரமென்றால், குடும்ப வன்முறைச் சட்ட மனுவிலேயே தற்காலிகமாகக் குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆணையைக் கேட்கலாம்.

குழந்தை தங்காத தரப்புக்குச் சந்திக்கும் உரிமை உண்டு. அதை "வாரம் ஒருமுறை" என்று பொதுவாக எழுதாதீர்கள். பிற்பாடு எல்லாச் சண்டையும் அந்தச் சொற்களில்தான் வரும். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் கொண்டு வந்து விடுவது, எந்த இடத்தில் ஒப்படைப்பது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யாரிடம், கோடை விடுமுறையில் எத்தனை நாள், காணொலி அழைப்பு எப்போது, ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துப் போகலாமா என்பது வரை எழுதுங்கள். தந்தை பெங்களூரிலும் குழந்தை அரூரிலும் இருந்தால், வாரந்தோறும் சில மணி நேரம் என்பதைவிட மாதத்தில் இரண்டு முழு நாட்களும் விடுமுறையில் பாதியும் என்பது இருவருக்கும் ஒத்துவரும். ஜீவனாம்சம் வரவில்லை என்று சந்திப்பைத் தடுப்பதும், சந்திக்க விடவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் நீதிமன்றத்தில் செய்தவருக்கே எதிராகத் திரும்பும்.

சொல்லாமல் குழந்தையைத் தூக்கிச் செல்வதும் மாற்றுச் சான்றிதழை வாங்கி வேறு பள்ளியில் சேர்ப்பதும் நம் பகுதியில் அடிக்கடி நடக்கின்றன. சட்டத்துக்குப் புறம்பாகக் குழந்தை தடுத்து வைக்கப்பட்டிருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். ஆனால் இழுபறியில் முதலில் உடைவது அந்தப் பிள்ளையின் படிப்பும் தூக்கமும்தான். "அப்பா அடிப்பார் என்று சொல்" என்றோ "அம்மா கெட்டவள் என்று சொல்" என்றோ குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அனுபவமுள்ள நீதிபதி இரண்டு கேள்விகளில் அதைக் கண்டுகொள்வார், குழந்தையோ நெடுங்காலம் அதைச் சுமக்கும்.

குழந்தை பற்றிய எந்த ஆணையும் இறுதியானதில்லை. சூழல் மாறினால் மாற்றக் கேட்கலாம்.

மனமொத்துப் பிரிவதானால்

ஓராண்டாவது தனித்து வாழ்ந்திருந்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். முதல் மனுவுக்கும், இருவரும் மீண்டும் வந்து சம்மதத்தை உறுதி செய்யும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே ஆறு மாதம் இருக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் அந்தக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பாணை வரும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் மொத்தத் தொகையை ஒரே நாளில் கையில் கொடுப்பதும், ஒன்றுமே பெறாமல் கடைசிக் கையெழுத்திடுவதும் இரண்டுமே தவறு. முதல் கட்டத்தில் ஒரு பகுதி, இரண்டாம் கட்டத்தில் நீதிபதி முன்னிலையில் வங்கி வரைவோலையாக மீதி என்று பிரித்துக்கொள்வது பாதுகாப்பானது. குழந்தைக்கான பங்கைத் தாயின் தொகையோடு கலக்காமல், குழந்தை பெயரில் வைப்புத்தொகையாகவோ, பத்து வயதுக்குட்பட்ட மகள் என்றால் செல்வமகள் சேமிப்புக் கணக்கிலோ இடச் சொல்லுங்கள். நிலம் தருவதாக ஒப்புக்கொண்டால், தாளில் எழுதியதோடு விடாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து பட்டாவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவர் மறுத்தால், கொடுமை, இரண்டாண்டுக்கு மேல் கைவிட்டது, பிறருடன் உறவு போன்ற, அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவிலுள்ள காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். "ஒத்து வரவில்லை" என்பது மட்டும் காரணமாகாது. திருமணமாகி ஓராண்டுக்குள் பொதுவாக மனுப் போட முடியாது. இது ஆண்டுக்கணக்கில் நீளும் பாதை. அதனால்தான் இடைக்கால ஆணைகளை இவ்வளவு வலியுறுத்துகிறேன். கிறித்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டமும், பதிவுத் திருமணம் என்று நாம் சொல்லும் சிறப்புத் திருமணத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தும். இஸ்லாமியப் பெண்கள் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்தை நாடலாம். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது.

18 வயதுக்கு முன் நடந்த திருமணம்

மலையோரக் கிராமங்களில் இன்றும் நடக்கும் இதைச் சொல்லாமல் விட முடியாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006-இன்படி, 18 வயதுக்கு முன் மணம் முடிக்கப்பட்ட பெண், 20 வயது நிறைவதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கலாம். அவருக்குக் கொடுமையையோ வேறு குற்றத்தையோ நிரூபிக்கும் சுமை இல்லை. வயதுச் சான்றே போதும். மறுமணம் ஆகும்வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம், கொடுத்த நகை, பணம் திரும்பும், குழந்தை பிறந்திருந்தால் அது சட்டப்படியான குழந்தையே. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் மாவட்ட சமூக நல அலுவலரும் இதற்கு உதவுவர். 20 வயதைக் கடந்துவிட்டால் இந்த வழி அடைபடும் என்பதால், அப்படி ஒரு பெண் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டின் சான்றிட்ட நகலையும் வாங்குங்கள். மேல்முறையீட்டுக் காலமான 90 நாட்கள் கழிந்து, மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இல்லை என்று உறுதி செய்த பிறகே மறுமணத்தைப் பேசுங்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கிப் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள்; வங்கி, காப்பீடு, வருங்கால வைப்புநிதி ஆகியவற்றில் வாரிசு நியமனத்தை மாற்றுங்கள்; கூட்டுக் கணக்கையும் நகைக் கடனையும் முடித்துக்கொள்ளுங்கள். வருமானமற்ற பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழுக்கும் அதற்கான ஓய்வூதியத்துக்கும் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

ஜீவனாம்சத் தொகை என்றென்றைக்கும் ஒரே அளவில் நிற்பதில்லை. குழந்தை மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ச் செலவு கூடினாலோ, கட்டுபவரின் வருமானம் உயர்ந்தாலோ குறைந்தாலோ, ஆணையிட்ட நீதிமன்றத்திலேயே தொகையை மாற்றக் கேட்டு மனுப் போடலாம். அதற்காகப் பழைய ஆணையின் நகலையும், பணம் வந்த வங்கிக் கணக்குப் பக்கங்களையும், ஒவ்வொரு ஆண்டின் பள்ளிக் கட்டண ரசீதுகளையும் ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள்.